குழந்தை ஏன் இன்னும் பேசவில்லை?

"கண்ணு, உன் பேரு என்ன? சொல்லு சாமி!"

அங்கன்வாடி ஆசிரியை கேட்கிறார். பையன் அவர் முகத்தைப் பார்க்கிறான். சிரிக்கிறான். பதில் இல்லை.

பையனுக்கு வயது மூன்று. ஓடுகிறான், ஆடுகிறான், முறுக்கு டப்பா எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துத் திறந்துவிடுகிறான். பேச்சு மட்டும் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானையைக் காட்டுகிறான்.

தாயின் முகம் வாடுகிறது. கூட வந்த பாட்டி தைரியம் சொல்கிறாள்.

"அட, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடறயே! இவங்கப்பனும் நாலு வயசு வரைக்கும் பேசல. இப்ப வாய மூடச் சொன்னா மூடறானா?"

"இல்லீங்க அத்தை... பக்கத்து வூட்டுப் புள்ள ரெண்டு வயசுலயே கதை சொல்லுதுங்க..."

"அது பொட்டப்புள்ள. அது பேசும். ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசுவான்!"

பேச்சு அத்துடன் முடிகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். இன்னொரு வருடம் ஓடிவிடுகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடக்கும் காட்சி இது. பாட்டி கெட்டவள் அல்ல. பேரன் மீது உயிரையே வைத்திருப்பவள். அவள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசத் தொடங்குகின்றன. பிறகு மற்றக் குழந்தைகளை எட்டிப் பிடித்துவிடுகின்றன.

ஆனால் எல்லாக் குழந்தைகளும் அப்படி அல்ல. எந்தக் குழந்தை தானாகப் பேசிவிடும், எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனைக்குப் போகாமல் ஓடிப்போகும் ஒரு வருடம், பிறகு எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்பி வராது.

ஏன் அப்படி?

காது வழியாகத்தான் பேச்சு!

குழந்தை பேசுவது வாயால். ஆனால் பேசக் கற்றுக்கொள்வது காதால்.

இந்தக் கல்வி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்துகிறோம் அல்லவா? அந்த மாதத்தில் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காது கேட்கும். வளையல் குலுங்குவதையும் தாயின் குரலையும் அது கேட்கிறது. அதனால்தான் பிறந்த குழந்தை, மற்றவர் குரலைவிடத் தாயின் குரலுக்கு அதிகமாக அமைதி அடைகிறது.

பிறந்த பிறகு மூளை மளமளவென்று வளர்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் பேச்சுக்கான பாதைகளை மூளை போட்டுக்கொள்கிறது. காதில் விழும் சொற்கள்தாம் அந்தப் பாதைக்குக் கல்லும் மண்ணும். சொல்லே காதில் விழாவிட்டால் பாதை போட முடியாது. நாள் ஆக ஆக அந்த இடத்தை மூளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது.

விதைப்புக்குப் பருவம் இருப்பதுபோல் பேச்சுக்கும் பருவம் உண்டு. ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டியதை மார்கழியில் விதைத்தால் விளைச்சல் எப்படி இருக்கும்? ஒன்றும் முளைக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் பாடு அதிகம், பலன் குறைவு.

எந்த வயதில் எந்தப் பேச்சு?

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் பேசுவதில்லை. ஒரு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு.

3 மாதம்: முகம் பார்த்துச் சிரிக்கும். "ஊ... ஆ..." என்று குரல் கொடுக்கும்.

6 முதல் 9 மாதம்: "பாபாபா", "மாமாமா" என்று அடுக்கும். சத்தம் வரும் பக்கம் திரும்பும்.

1 வயது: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். விரல் நீட்டிக் காட்டும். "அம்மா", "தாத்தா", "காக்கா" என்று பொருளோடு ஒரு சொல்லாவது வரும்.

ஒன்றரை வயது: பல சொற்கள் வரும். "பந்தை எடு" என்றால் எடுக்கும்.

2 வயது: "பால் வேணும்", "அப்பா வந்தாச்சு" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும். ஐம்பது சொல் அளவுக்குத் தெரிந்திருக்கும்.

3 வயது: சின்னச் சின்ன வாக்கியம் பேசும். வீட்டாருக்கு மட்டும் அல்ல, பக்கத்து வீட்டாருக்கும் பெரும்பகுதி புரியும்.

4 வயது: நடந்ததைக் கதைபோல் சொல்லும். "ஏன்? ஏன்?" என்று கேட்டுத் துளைத்துவிடும்.

1 வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை; ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை; 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லை - இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால், எந்த வயதாக இருந்தாலும், உடனே காட்ட வேண்டும்.

தட்டைத் தட்டிப் பார்த்தால் போதுமா?

"காது நல்லாத்தான் கேக்குதுங்க. தட்டைத் தட்டுனா திரும்பறான். பஸ் ஹாரன் அடிச்சா பயப்படறான்."

டாக்டர்களிடம் பெற்றோர் அடிக்கடி சொல்லும் பதில் இது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

காது என்பது முழுதாகத் திறந்த கதவு அல்லது முழுதாக மூடிய கதவு அல்ல. பாதி திறந்த கதவும் உண்டு. பெரிய சத்தம் கேட்கும். மெல்லிய சத்தம் கேட்காது. "ஆ", "ஓ" போன்ற கனமான ஒலிகள் காதில் விழும். "ச", "த", "க" போன்ற மெல்லிய ஒலிகள் விழாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு "சாதம்" என்பதும் "பாதம்" என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். என்ன சொல்கிறார்கள் என்றே அதற்குப் புரியாது. பிறகு எப்படித் திருப்பிச் சொல்லும்?

தட்டு விழும்போது தரை அதிர்வதையும், தாயின் கை அசைவதையும் கண்டு திரும்பும் குழந்தைகளும் உண்டு. கெட்டிக்காரக் குழந்தை கண்ணாலேயே பாதி உலகைப் புரிந்துகொள்ளும். வீட்டார், "இவனுக்குக் காது கேட்கிறது" என்று நம்பிவிடுவார்கள்.

அடிக்கடி சளி பிடித்து, காதில் நீர் கோத்தாலும் சீழ் வடிந்தாலும் கேட்கும் திறன் குறையும். இது மருந்தாலோ சிறு சிகிச்சையாலோ சரியாகக்கூடியது. "சளிதானே" என்று விட்டுவிட்டால் பேச்சு பின்தங்கிவிடும்.

சரியான சோதனை என்ன? பிறந்த குழந்தையையே சோதிக்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு குமிழை வைக்கிறார்கள். கருவி மெல்லிய ஒலியை அனுப்புகிறது. உள்காது நன்றாக இருந்தால் அதிலிருந்து ஒரு நுண்ணிய எதிரொலி திரும்பி வரும். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. சந்தேகம் இருந்தால், 'பெரா' என்ற இன்னொரு சோதனை உண்டு. ஒலி மூளைவரை போய்ச் சேர்கிறதா என்று அது காட்டிவிடும்.

உலகம் முழுவதும் டாக்டர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு 1 - 3 - 6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை. மூன்று மாதத்துக்குள் முடிவு. ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை கேட்கும் குறையோடு பிறக்கின்றன என்பது உலகப் பொதுக் கணக்கு. எடை குறைந்து பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை ஆகியோருக்கு இந்தச் சோதனை மிக மிக அவசியம்.

சொந்தத்தில் கல்யாணம்

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் கொடுத்து வாங்குவது நம் பக்கத்து வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுத் திருமணங்கள்.

இதில் என்ன ஆபத்து? ஒரு குடும்பத்தின் ரத்தத்தில் சில குறைகள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். தாய், தந்தை இருவரிடமும் அதே குறை மறைந்திருந்தால், குழந்தையிடம் அது வெளிப்படலாம். பிறவிச் செவிட்டுத்தன்மையில் ஒரு பகுதி இப்படி வருவதுதான். பெற்றோர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். குழந்தைக்கு மட்டும் கேட்காது.

உறவில் மணந்த எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனாலும் குடும்பத்தில் ஏற்கனவே காது கேளாதவர் இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கலந்து பேசுவது நல்லது. குழந்தை பிறந்தால் காதைச் சோதிக்கத் தவறக் கூடாது.

இன்னொரு காரணம், கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா என்ற அம்மை. இது தாய்க்குச் சிறு காய்ச்சலாக வந்து போய்விடும். ஆனால் வயிற்றுக் குழந்தையின் காதையும் கண்ணையும் இதயத்தையும் தாக்கும். தமிழ்நாட்டில் 2017-ல் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. இப்போது குழந்தைகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த ஊசி இலவசம்.

யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். "உன்னாலதான் புள்ள இப்படி" என்று மருமகளைப் பழிப்பதால் குழந்தைக்கு ஒரு சொல்லும் வந்துவிடாது.

மழலை வேறு, குறை வேறு

மூன்று வயதுக் குழந்தை "ராமு" என்பதை "லாமு" என்கிறது. "பழம்" என்பதைப் "பயம்" என்கிறது. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ர, ற, ழ போன்ற ஒலிகள் குழந்தையின் நாக்குக்குக் கடைசியாகத்தான் வசப்படும். ழகரம் சரியாக வராத பெரியவர்களே நம்மில் எத்தனை பேர்!

ஆனால் ஐந்து வயதாகியும் குழந்தை பேசுவது வெளியாருக்குப் புரியவில்லை என்றால், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

சில குழந்தைகள் நன்றாகப் பேசத் தொடங்கி, பிறகு "நா... நா... நான்" என்று திக்கும். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு இப்படி வருகிறது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். "மெதுவாப் பேசு", "திருப்பிச் சொல்லு" என்று அதட்டினால் திக்கல் அதிகமாகும். குழந்தை சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், பேசும்போது முகம் கோணித் திணறினாலும் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இன்னும் சில குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். கண்ணோடு கண் பார்க்க மாட்டார்கள். மற்றப் பிள்ளைகளோடு சேர மாட்டார்கள். ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி விளையாடுவார்கள். இது 'ஆட்டிசம்' என்ற வளர்ச்சி வேறுபாடாக இருக்கலாம். இதற்கும் சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கினால் நல்ல பலன் உண்டு. தாய் வளர்த்த முறை சரியில்லாததால் இது வருவதில்லை.

நான்கு மொழி கேட்டால் குழம்புமா?

கோவை ஒரு மொழிக் கதம்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ்; வீட்டில் கன்னடம், கடையில் தமிழ்; பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மலையாளம் என்று தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. இப்போது மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் வந்த வடநாட்டுக் குடும்பங்களின் இந்தி, ஒடியா, வங்காளியும் சேர்ந்திருக்கின்றன.

"ரெண்டு மூணு பாஷை கேக்கறதாலதான் புள்ள பேசல. ஒண்ணை நிறுத்துங்க" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். இது தவறு. பல மொழி கேட்பதால் பேச்சுக் குறை வராது. தெலுங்கில் இருபது சொல், தமிழில் இருபது சொல் பேசும் குழந்தைக்கு நாற்பது சொல் தெரியும் என்றுதான் கணக்கிட வேண்டும். கோவையில் எத்தனையோ வீடுகளில் பாட்டியும் பேரனும் இரண்டு மொழியில் சண்டை போட்டு இரண்டு மொழியில் சமாதானம் ஆகிறார்கள். யாருக்கும் நாக்குக் குழம்பவில்லை.

வீட்டு மொழியை விட்டுவிட்டு, தெரிந்த பத்து இங்கிலீஷ் சொல்லை மட்டும் குழந்தையிடம் பேசுவதுதான் நஷ்டம். தாய்க்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் வருமோ, அந்த மொழியில் பேசட்டும்.

வசம்பு, நாக்கு, செல்போன்

பேச்சு வர வீடுகளில் செய்யும் கைவைத்தியம் பல. வசம்பை இழைத்து நாக்கில் தடவுவார்கள். கிளி கொத்திய பழத்தைத் தேடிக் கொடுப்பார்கள். கோயிலுக்கு மணி வாங்கி வைப்பார்கள். கோயிலுக்குப் போகட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குப் போன கையோடு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

சில வைத்தியங்களில் ஆபத்து உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றவே கூடாது.

"நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டால் பேசும்" என்பார்கள். நாக்கின் அடியில் தசை ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தடுக்கலாம். ஆனால் ஒரு குழந்தை பேசவே இல்லை என்பதற்கு அது காரணம் ஆகாது. காதைச் சோதிக்காமல் நாக்கை வெட்டுவது, கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை மாற்றுவது போன்றது.

செல்போன் விஷயத்துக்கு வருவோம். முன்பெல்லாம் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். இப்போது செல்போனைக் காட்டி ஊட்டுகிறார்கள். என்ன வித்தியாசம்? நிலாவைக் காட்டிய தாய் பேசினாள். "அதோ நிலா! நிலாவுக்கு ஒரு வாய், கண்ணுக்கு ஒரு வாய்" என்றாள். குழந்தை "நீயா" என்றது. தாய், "ஆமா சாமி, நிலா!" என்றாள். இப்படிக் கொடுத்து வாங்குவதுதான் பேச்சு. செல்போன் கொடுக்கும், வாங்காது. குழந்தை சொல்வதற்கு அது பதில் சொல்லாது.

2 வயதுக்கு முன் செல்போன், டி.வி. வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. காது கேளாத குழந்தைக்குச் செல்போனை நிறுத்திவிட்டால் மட்டும் காது கேட்டுவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. சோதனைதான் முதலில்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தறி ஓடும் சத்தத்தில் பெரியவர்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பேசக் கற்கும் குழந்தைக்கு அது முடியாது. தொட்டிலைத் தறிக்கொட்டகையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். தறி நின்ற நேரத்தில் குழந்தையோடு பேசுங்கள்.

சிப்பியும் புல்லும்

உள்காது கெட்டுப்போனால் என்ன செய்வது? ஓரளவு கேட்கும் குழந்தைக்குக் காதுக்கருவி போதும். அதுவும் பயன்படாத குழந்தைக்கு?

ஆஸ்திரேலியாவில் கிரயாம் கிளார்க் என்று ஒரு டாக்டர். அவர் தந்தைக்குக் காது கேட்காது, மருந்துக்கடை நடத்தியவர். வாடிக்கையாளர் சொல்வது காதில் விழாமல் தந்தை பட்ட பாட்டைப் பார்த்தே மகன் வளர்ந்தான். "பெரியவனானதும் காதைச் சரி செய்யும் டாக்டர் ஆவேன்" என்று முடிவு செய்தான்.

டாக்டராகி, உள்காதுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, நரம்புக்கு மின்சாரத்தால் செய்தி அனுப்ப முயன்றார். ஆனால் உள்காது நத்தைக் கூடுபோல் சுருண்டது. நேரான கம்பி எப்படி அதற்குள் போகும்? கம்பி பாதியிலேயே நின்றுவிட்டது.

1977-ல் ஒருநாள் கடற்கரைக்குப் போனார். சுருளான ஒரு சிப்பி கையில் கிடைத்தது. பக்கத்தில் கிடந்த புல்லை எடுத்து அதற்குள் நுழைத்துப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி சற்று விறைப்பாகவும் இருந்த புல், வளைந்து வளைந்து உள்ளே போய்விட்டது! கம்பியையும் அப்படியே செய்தார். 1978 ஆகஸ்டு 1-ந்தேதி மெல்போர்ன் நகரில் முதல் ஆபரேஷன் நடந்தது. 'காக்ளியர்' கருவி வளர்ந்த கதைகளில் இது முக்கியமானது.

அந்தக் கருவி இன்று நம் ஊர்க் கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய் செலவாகும் ஆபரேஷன் இது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. இந்த வயது வரம்பைக் கவனியுங்கள். ஆறு வயது கடந்த பிறகு "இப்போதுதான் தெரிந்தது" என்று ஓடிவந்தால் பயன் இல்லை. மூன்று வயதுக்குள் செய்தால் மிக நல்லது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. அன்றுதான் அதன் காதுக்கு முதல் பிறந்தநாள்! அதன் பிறகு மாதக்கணக்கில் கேட்கவும் பேசவும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆபரேஷனைச் செய்துவிட்டுப் பயிற்சிக்கு வராமல் விட்டால், அவ்வளவும் வீண்.

எங்கே போவது?

முதலில் அங்கன்வாடிக்குப் போகலாம். ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத்திட்டம் 2013-ல் தொடங்கியது. இதன்படி டாக்டர் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. பேச்சுத் தாமதமும் காது கேளாமையும் அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் உள்ளன. குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கோவையில் இது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. காதுச் சோதனை, பேச்சுப் பயிற்சி, குழந்தை டாக்டர் எல்லாம் இங்கே உண்டு. கட்டணம் இல்லை.

காதுக்கருவி, அடையாள அட்டை, உதவித்தொகை போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். "அட்டை வாங்கினால் ஊரில் பேசுவார்களே" என்று தயங்க வேண்டாம். ஊர் இரண்டு நாள் பேசும். குழந்தை வாழ்நாள் முழுவதும் பேச வேண்டும் அல்லவா?

கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் மலை ஏறி இறங்கினால் மைசூர். அங்கே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. 1960-களின் நடுவில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கும் நாட்டின் பெரிய கல்விக்கூடங்களில் ஒன்று. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான பள்ளி. அங்கே தாயும் குழந்தையோடு வகுப்புக்கு வருகிறாள். தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் குழந்தைக்கு நாள் முழுவதும் ஆசிரியை கிடைத்துவிடுகிறாள் அல்லவா?

எல்லா முயற்சிக்குப் பிறகும் வாய்ப்பேச்சு வராத குழந்தைகள் உண்டு. அவர்கள் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. சைகை மொழியும் இலக்கணம் உள்ள முழு மொழிதான். அதற்கென்றே டில்லியில் 2015-ல் மத்திய அரசு ஒரு நிறுவனம் அமைத்தது. கோவை ஆர்.எஸ்.புரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்காக மாநகராட்சி ஒரு பள்ளியை நடத்துகிறது. கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லருக்கு 1887-ல் ஆசிரியை ஆன் சல்லிவன் உள்ளங்கையில் எழுதித்தான் சொல்லைக் கற்பித்தார். அந்தப் பெண் பட்டதாரியாகி, உலகம் சுற்றி, 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார். குழந்தைக்கு ஏதாவது ஒரு மொழி வேண்டும். மொழியே இல்லாமல் விடுவதுதான் பாவம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்குச் செலவு இல்லை.

குளிப்பாட்டும்போது பேசுங்கள். "தண்ணி சுடுதா? கை எங்கே? கால் எங்கே?"

குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, முகம் பார்த்துப் பேசுங்கள்.

அது ஒரு சொல் சொன்னால் நீங்கள் ஒரு சொல் கூட்டுங்கள். "மாடு" என்றால், "ஆமா, வெள்ளை மாடு!" என்று சொல்லுங்கள்.

கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். கேட்க வேண்டும் என்ற ஆசைதான் பேச்சுக்குத் தூண்டுகோல்.

தாலாட்டு, விடுகதை, கதை எதையும் விடாதீர்கள். பாட்டிமார்களுக்கு இங்கேதான் பெரிய வேலை.

தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள், போதும்.

பாட்டியும் வரட்டும்!

"ஐன்ஸ்டீன்கூடத் தாமதமாகத்தான் பேசினாராம்" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் மீதிக் கதையை அவர்கள் சொல்வதில்லை. பிள்ளை பேசத் தாமதமானதும் கவலைப்பட்டு, அவர் பெற்றோர் டாக்டரிடம் காட்டினார்கள். பின்னாளில் அவரே எழுதிய செய்தி இது. ஐன்ஸ்டீனின் பெற்றோரே சும்மா இருக்கவில்லை!

சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் என்ன நஷ்டம்? ஒருநாள் கூலியும் பஸ் செலவும். பாட்டி சொன்னது சரி என்று ஆகிவிடும், அவளுக்கும் பெருமை. குறை இருப்பது தெரிந்தால், தக்க பருவத்தில் தெரிந்துகொண்டோம் என்ற ஆறுதல் உண்டு. போகாமல் இருந்தால்தான் நஷ்டம்.

அங்கன்வாடி வாசலில் அந்தப் பையன் நின்றுகொண்டிருக்கிறான். மூன்று வயது முடிந்து இன்னும் நான்கு ஆகவில்லை. ஆறு வயதுக் கதவு அவனுக்குத் திறந்தே இருக்கிறது. தாய் ஒரு கையைப் பிடிக்கட்டும். பாட்டி மறு கையைப் பிடிக்கட்டும். நாளைக்கே பஸ் ஏறட்டும்.

"உன் பேரு என்ன, சாமி?" என்று அடுத்த முறை யாராவது கேட்கும்போது, வாயாலோ கையாலோ அவன் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.